அளவுகோலாக வரைந்த அட்டையும் அதை மறந்த கையேடும்: திட்ட ஒடுக்க மின்னழுத்தத் தொகுப்பு ஒன்றின் மதிப்புரை

திட்ட ஒடுக்க மின்னழுத்தங்களைக் (ஒரு பொருள் எலக்ட்ரானை ஏற்கும் நாட்டத்தை, ஹைட்ரஜனைப் பூஜ்யமாக வைத்து வோல்ட்டில் சொல்லும் மதிப்புகளைக்) கொண்டு மின்வேதியியல் கணக்குகளைத் தீர்க்கக் கற்றுத்தரும் தொகுப்பு ஒன்றை எட்டு மாதங்களுக்கு முன் வாங்கினேன். பிளாஸ்டிக் உறையிட்ட ஏ4 அளவு அட்டை ஒன்றும் 64 பக்கக் கையேடு ஒன்றும் அதில் இருக்கின்றன. மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கும் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கும் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன் என்பதால், கையேட்டின் கணக்குகள் அனைத்தையும் அவர்களோடு சேர்ந்து போட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். வெளியிட்டவர்களின் பெயரை இங்கே சொல்லவில்லை. கண்ணில் பட்ட பிழைகளை அவர்களுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை என்றாலும், அடுத்த அச்சில் அவை திருத்தப்படும் வாய்ப்பு இருக்கிறது.

முதலில் அட்டை. பாடநூல்களின் பின்னிணைப்பில் காணப்படும் அட்டவணைகளில் வரிக்கு வரி இடைவெளி ஒரே அளவாக இருக்கும். லித்தியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் இடையில் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்தான் குளோரினுக்கும் புளூரினுக்கும் இடையிலும் இருக்கும். இந்த அட்டையை வரைந்தவர் அப்படிச் செய்யாமல், ஒரு வோல்ட்டுக்கு 4 சென்டிமீட்டர் என்ற அளவில் நெடுக்காக ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு அரைவினையையும் (எலக்ட்ரானை ஏற்கும் அல்லது இழக்கும் பாதி வினையை) அதன் மின்னழுத்தத்துக்கு உரிய உயரத்தில் பொருத்தியிருக்கிறார். உச்சியில் +2.87 வோல்ட்டில் புளூரின், அடியில் −3.04 வோல்ட்டில் லித்தியம், நடுவில் தடித்த கோடாக ஹைட்ரஜனின் பூஜ்யம். எல்லா அரைவினைகளும் ஒடுக்கமாகவே எழுதப்பட்டுள்ளன; இடப்பக்கத்தில் எலக்ட்ரானை ஏற்கும் வடிவம், வலப்பக்கத்தில் ஏற்ற பிறகு கிடைக்கும் வடிவம்.

இந்த ஏற்பாட்டின் பயன் கையில் ஒரு அடிக்கோல் இருந்தால்தான் முழுமையாகப் புரியும். 1836-இல் டேனியல் அமைத்த துத்தநாக-தாமிரக் கலத்தையே எடுத்துக்கொள்வோம். துத்தநாகம் −0.76, தாமிரம் +0.34. அடிக்கோலை வைத்தால் இரண்டு கோடுகளுக்கும் இடையே 4.4 சென்டிமீட்டர் வரும். நான்கால் வகுத்தால் 1.10 வோல்ட். கலத்தின் மின்னியக்கு விசை என்பது இரண்டு ஒடுக்க மின்னழுத்தங்களுக்கு இடையிலான தூரம் மட்டுமே என்பதை எத்தனை முறை கரும்பலகையில் எழுதினாலும் ஏறாத தலைகளில், இந்த அடிக்கோல் ஒரே நாளில் ஏற்றிவிட்டது. கையேட்டின் முதல் பயிற்சியும் இதற்குப் பொருத்தமானது: ஹைட்ரஜனுக்குப் பதிலாக −0.25 வோல்ட்டில் உள்ள நிக்கலைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டால் டேனியல் கலத்தின் மின்னழுத்தம் என்ன ஆகும் என்று கேட்கிறது. தாமிரம் +0.59 ஆகிறது, துத்தநாகம் −0.51 ஆகிறது, வித்தியாசம் அதே 1.10. பூஜ்யம் நாம் வைத்துக்கொண்ட ஓர் ஏற்பாடு, வித்தியாசம் இயற்கை தருவது என்பதை இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியாது.

ஒரு வினை தன்னிச்சையாக நடக்குமா என்பதைக் கண்டறியவும் அட்டையே போதும். மேலே இடப்பக்கம் இருப்பது, கீழே வலப்பக்கம் இருப்பதோடு வினைபுரியும். +1.07-இல் இருக்கும் புரோமின், +0.54-இல் இருக்கும் அயோடைடை அயோடினாக மாற்றும், +1.36-இல் இருக்கும் குளோரைடு அதற்கு மேலே இருப்பதால் புரோமினால் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஹைட்ரஜன் அயனி தாமிரத்துக்குக் கீழே நிற்பதால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தாமிரம் கரைவதில்லை. நைட்ரேட் அயனி நைட்ரிக் ஆக்சைடாக ஒடுங்கும் வினை +0.96-இல், அதாவது தாமிரத்துக்கு மேலே இருப்பதால் நைட்ரிக் அமிலத்தில் கரைகிறது. அமிலம் என்றால் உலோகத்தைக் கரைக்கும் என்று பொத்தாம்பொதுவாக நினைத்துக்கொண்டிருந்த ஒரு மாணவிக்கு, ஹைட்ரஜன் அயனி ஓர் ஆக்சிஜனேற்றி, நைட்ரேட் அயனி அதைவிட வலிய இன்னோர் ஆக்சிஜனேற்றி என்று பிரித்துப் பார்க்க வைத்தவை இந்த மூன்று கோடுகள்தாம்.

அச்சுப்பிழை ஒன்று உண்டு. நிக்கலின் கோடு பூஜ்யத்துக்குக் கீழே சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அருகில் அச்சிட்ட எண்ணில் கழித்தல் குறி விடுபட்டு 0.25 என்று மட்டும் இருக்கிறது. சாதாரண அட்டவணையாக இருந்தால் இந்தப் பிழை மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். அளவுப்படி வரைந்ததால், பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் கோட்டுக்கு நேர்க்குறி எண் எப்படி வரும் என்று முதல் வாரத்திலேயே ஒரு மாணவன் கேட்டுவிட்டான். பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் அட்டை என்று இதைப் பாராட்டுவதா, பிழையோடு விற்றதற்காகக் குறை சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டையும் செய்துவிடுகிறேன்.

இப்படிப்பட்ட அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, கையேட்டின் இரண்டாம் அத்தியாயம் அதற்கு நேர்மாறான ஒரு வழியைக் கற்றுக்கொடுக்கிறது என்பதுதான் என் முதன்மையான வருத்தம். ஆனோடில் (எலக்ட்ரானை இழக்கும் ஆக்சிஜனேற்றம் நடக்கும் முனையில்) நடக்கும் அரைவினையைத் திருப்பி எழுது, அதன் மின்னழுத்தத்தின் குறியை மாற்று, பிறகு இரண்டையும் கூட்டு என்கிறது அந்த அத்தியாயம். விடை சரியாகத்தான் வரும். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில், கேத்தோடின் (ஒடுக்கம் நடக்கும் முனையின்) ஒடுக்க மின்னழுத்தத்திலிருந்து ஆனோடின் ஒடுக்க மின்னழுத்தத்தைக் கழிக்க வேண்டும் என்ற வாய்பாடு எந்த முன்னறிவிப்பும் இன்றிக் கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டையும் படித்த மாணவன் இரண்டையும் செய்கிறான். துத்தநாக-வெள்ளிக் கலத்துக்கு என் மாணவன் ஒருவன் எழுதிய விடை 0.04 வோல்ட். துத்தநாகத்தின் −0.76-ஐ முதலில் +0.76 ஆக்கியிருக்கிறான், பிறகு வாய்பாட்டின்படி 0.80-இலிருந்து அதைக் கழித்திருக்கிறான். சரியான விடை 1.56. அட்டையில் அடிக்கோலை வைத்திருந்தால் 6 சென்டிமீட்டருக்கு மேல் தூரம் இருப்பது தெரிந்திருக்கும். ஆனால் கையேட்டைத் திறந்ததும் அட்டையை அவன் மூடி வைத்துவிட்டான், கையேடும் அதை மறுபடி எடுக்கச் சொல்லவில்லை.

குறியை மாற்றும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்க வேதியியலாளர் லாட்டிமர் 1938-இல் தொகுத்து வெளியிட்ட மதிப்புகள் ஆக்சிஜனேற்றத் திசையில் எழுதப்பட்டவை. அந்த மரபில் துத்தநாகம் +0.76. ஐரோப்பாவில் வேறு மரபு நிலவியது. 1953-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய பன்னாட்டுத் தூய மற்றும் பயன்முறை வேதியியல் ஒன்றியம், மின்முனை அழுத்தம் என்றால் ஒடுக்கத் திசையில் எழுதியதையே குறிக்கும் என்று முடிவுசெய்தது. முடிவு தன்னிச்சையானது அன்று. துத்தநாகத் தகட்டைத் திட்ட ஹைட்ரஜன் மின்முனையோடு இணைத்து வோல்ட்மீட்டரில் பார்த்தால், துத்தநாகம் எதிர்முனையாகவே இருக்கும். நாம் தாளில் வினையை எந்தத் திசையில் எழுதினாலும் மீட்டரின் முள் அதைக் கேட்டுத் திரும்பப்போவதில்லை. குறி மின்முனைக்கு உரியது, சமன்பாட்டின் அம்புக்கு உரியது அன்று என்ற இந்த ஒரு பத்தியைச் சேர்த்து, இரண்டாம் அத்தியாயத்தை அப்படியே நீக்கிவிட்டிருந்தால் கையேடு பத்துப் பக்கம் குறைந்திருக்கும், குழப்பமும் குறைந்திருக்கும்.

கலைச்சொல் விஷயத்தில் கையேடு எடுத்திருக்கும் முடிவை வரவேற்கிறேன். ஆனோடு, கேத்தோடு என்றே எழுதியிருக்கிறார்கள். நேர்மின்முனை, எதிர்மின்முனை என்ற தமிழ்ச்சொற்கள் மின்னாற்பகுப்புக் கலத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஆனால் மின்சாரம் தரும் கால்வானிக் கலத்தில் ஆக்சிஜனேற்றம் நடக்கும் ஆனோடுதான் எதிர்க்குறி கொண்ட முனை என்பதால், "நேர்மின்முனையின் குறி எதிர்" என்று எழுத வேண்டிய சங்கடம் நேர்கிறது. ஆக்சிஜனேற்றம் நடப்பது ஆனோடு என்று பிடித்துக்கொண்டால் இரண்டு வகைக் கலத்திலும் தடுமாற வேண்டியதில்லை. ஆக்சிஜனேற்றம், ஆனோடு ஆகிய இரண்டும் ஆகாரத்தில் தொடங்குவது தமிழில் நமக்குக் கிடைத்த கூடுதல் வசதி.

நான்காம் அத்தியாயம்தான் கையேட்டின் சிறந்த பகுதி. துத்தநாகம் இரண்டு எலக்ட்ரானை இழக்கிறது, வெள்ளி அயனி ஒன்றைத்தான் ஏற்கிறது, எனவே வெள்ளியின் அரைவினையை இரண்டால் பெருக்குகிறோம், அப்படியானால் 0.80-ஐயும் பெருக்கி 1.60 ஆக்க வேண்டாமா என்ற கேள்வியை எந்த வகுப்பிலும் தவிர்க்க முடியாது. வேண்டாம், ஏனென்றால் மின்னழுத்தம் பொருளின் அளவைப் பொறுத்து மாறாத, பொருண்மை சாராப் பண்பு என்று சொல்லிவிட்டு நகர்வதே வழக்கம். இந்தக் கையேடு அப்படி நகராமல், வோல்ட் என்றால் ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு இத்தனை ஜூல் என்பதிலிருந்து தொடங்குகிறது. இரண்டு மடங்கு வெள்ளி ஒடுங்கினால் ஆற்றலும் இரண்டு மடங்கு, கடந்துசென்ற மின்னூட்டமும் இரண்டு மடங்கு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் பழைய எண்ணே கிடைக்கும். பெருகுவது கட்டிலா ஆற்றல் (வினையிலிருந்து வேலையாகப் பெறக்கூடிய ஆற்றல்) மாற்றம். எலக்ட்ரான் எண்ணிக்கை, ஃபாரடே மாறிலி (ஒரு மோல் எலக்ட்ரான்களின் மின்னூட்டமான 96,485 கூலும்), மின்னழுத்தம் ஆகிய மூன்றின் பெருக்கலுக்கு எதிர்க்குறி இட்டால் அது கிடைக்கும். டேனியல் கலத்துக்கு இது மோலுக்கு −212 கிலோஜூல்.

அடுத்து வரும் இரும்புக் கணக்கு இந்த விளக்கத்தின் உரைகல். இரும்பு(3+) அயனி ஒரு எலக்ட்ரானை ஏற்று இரும்பு(2+) ஆவதற்கு +0.77, இரும்பு(2+) இரண்டு எலக்ட்ரான்களை ஏற்று இரும்பு ஆவதற்கு −0.44, அப்படியானால் இரும்பு(3+) நேராக இரும்பு ஆவதற்கு எவ்வளவு? இரண்டையும் கூட்டி +0.33 என்று எழுதாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. கூட்ட வேண்டியவை மின்னழுத்தங்கள் அல்ல, அவற்றை எலக்ட்ரான் எண்ணிக்கையால் பெருக்கிய மதிப்புகள். முதற்படிக்கு 0.77, இரண்டாம் படிக்கு −0.88, மொத்தம் −0.11, மூன்று எலக்ட்ரான்களுக்கும் பங்கிட்டால் −0.04 வோல்ட். விடையைக் கண்டுபிடித்த பிறகு அட்டையைப் பார்க்கச் சொல்கிறது கையேடு, இந்த ஒரே இடத்தில். பூஜ்யக் கோட்டுக்குச் சற்றே கீழே அந்த அரைவினை இருக்கிறது. +0.33 என்று எழுதியவர்கள், தங்கள் கணக்குப்படி அது தாமிரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதைக் கண்டு தாங்களாகவே அடித்துவிட்டு எழுதினார்கள். முழு மின்கலத்தில் மட்டும் மின்னழுத்தங்களை நேரடியாகக் கழிக்க முடிவது ஏன் என்றால், அங்கே ஆனோடு விட்ட எலக்ட்ரான்கள் அனைத்தும் கேத்தோடில் முடிந்துவிடுகின்றன, எண்ணிக்கை இருபுறமும் ஒன்றாகிவிடுகிறது. இந்தக் காரணத்தைக் கையேடு ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறது; அதற்கு அரைப் பக்கமாவது ஒதுக்கியிருக்கலாம்.

தாமிர(1+) அயனி நீர்க்கரைசலில் ஏன் நிலைப்பதில்லை என்ற கணக்கும் இங்கேயே வருகிறது. அது தாமிரமாக ஒடுங்கும் கோடு +0.52-இல் இருக்கிறது, தாமிர(2+) ஒடுங்கி அதுவாக ஆகும் கோடு +0.15-இல் இருக்கிறது. மேலே இடப்பக்கமும் அதுவே, கீழே வலப்பக்கமும் அதுவே என்பதால் தன்னோடு தானே வினைபுரிந்து, பாதி தாமிரமாகவும் பாதி தாமிர(2+) ஆகவும் பிரிந்துவிடுகிறது. வித்தியாசம் 0.37 வோல்ட், சமநிலை மாறிலி ஏறத்தாழ 10 இலட்சத்தைத் தாண்டுகிறது. இரும்பு(2+) அயனிக்கு இதே கணக்கைப் போட்டால் −1.21 வருவதால் அது பிரிவதில்லை.

செறிவு மாறினால் மின்னழுத்தம் எவ்வளவு மாறும் என்று சொல்லும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டுக்கு உரிய ஐந்தாம் அத்தியாயத்தில் நான் மிகவும் ரசித்தது வெள்ளீயமும் காரீயமும் இடம்பெறும் கணக்கு. முன்னது −0.14, பின்னது −0.13. அட்டையில் இரண்டுக்கும் இடையே அரை மில்லிமீட்டர்கூட இல்லாததால் கோடுகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே தெரிகின்றன. திட்ட நிலையில் காரீய அயனியை வெள்ளீயம் ஒடுக்கும். மின்னழுத்தம் வெறும் 0.01 வோல்ட். காரீய அயனியின் செறிவை மட்டும் 0.1 மோலாராகக் குறைத்தால் 0.0296 வோல்ட் கழிந்து −0.02 ஆகிறது, வினை பின்னோக்கித் திரும்பிவிடுகிறது. மேலே உள்ளது கீழே உள்ளதை ஆக்சிஜனேற்றும் என்ற விதி ஒரு மோலார் செறிவுக்கு மட்டுமே எழுதிக்கொடுக்கப்பட்ட வாக்குறுதி என்பதை இந்தக் கணக்கைப் போட்ட பிறகு யாரும் மறப்பதில்லை. பெர்மாங்கனேட் கணக்கும் இதே வரிசையைச் சேர்ந்தது: +1.51-இல் இருக்கும் அது ஒவ்வொரு பி.எச். அலகுக்கும் ஏறத்தாழ 0.095 வோல்ட் இறங்குவதால், பி.எச். 3-இல் 1.23-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. அங்கே குளோரைடை விட்டுவிட்டுப் புரோமைடை மட்டும் ஆக்சிஜனேற்ற அதனால் முடியும். பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தவிர்த்து நீர்த்த கந்தக அமிலத்தைப் பயன்படுத்துவதன் காரணமும் இங்கே பொருத்தமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

சில்வர் குளோரைடின் கரைதிறன் பெருக்கத்தை (நிறைவுற்ற கரைசலில் உள்ள அயனிகளின் செறிவுகளின் பெருக்கலை) மின்னழுத்தங்களிலிருந்து கண்டுபிடிக்கும் கணக்கில் ஒரு சிக்கல் எழுந்தது. சில்வர் குளோரைடு ஒடுங்குவதற்கு +0.22, வெள்ளி அயனி ஒடுங்குவதற்கு +0.80, வித்தியாசம் −0.58. அதை நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் வரும் மாறிலியான 0.0592-ஆல் வகுத்து எதிர்மடக்கை எடுத்தால் 1.6 × 10⁻¹⁰ கிடைக்கும். கையேட்டின் விடைப்பகுதியிலோ 1.8 × 10⁻¹⁰ என்றிருக்கிறது. அரை மணிநேரம் பிழையைத் தேடிச் சலித்த மாணவி ஒருத்தியின் கணக்கில் பிழையே இல்லை. விடை எழுதியவர் மூன்று தசமத் திருத்தத்தில் 0.222, 0.799 ஆகிய மதிப்புகளைப் பயன்படுத்தியிருக்கிறார், அட்டையில் இரண்டு தசமம்தான் அச்சாகியிருக்கிறது. மின்னழுத்தத்தில் மூன்று மில்லிவோல்ட் பிசகினால் சமநிலை மாறிலியில் பத்து விழுக்காட்டுக்கு மேல் பிசகும், ஏனென்றால் அது மடக்கைக்குள் உட்கார்ந்திருக்கிறது. இதையே ஒரு பாடமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டது ஒரு நல்ல மாணவியின் மாலைப்பொழுதைப் பாழாக்கியது.

மின்னாற்பகுப்பு பற்றிய கடைசி அத்தியாயத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடர் உப்புக்கரைசலை மின்னாற்பகுத்தால் ஆனோடில் என்ன வெளிப்படும் என்ற கேள்விக்கு, நீர் ஆக்சிஜனாக மாறும் மின்னழுத்தம் +1.23, குளோரைடு குளோரினாக மாறுவது +1.36, எனவே எளிதில் ஆக்சிஜனேறும் நீரே வினைபுரிந்து ஆக்சிஜன் வெளிப்படும் என்று விடை எழுதியிருக்கிறார்கள். உண்மையில் வெளிப்படுவது குளோரின். காஸ்டிக் சோடாத் தொழில் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. ஆக்சிஜன் வெளிப்படுவதற்குத் தேவையான மிகை மின்னழுத்தம் (வினை போதிய வேகத்தில் நடக்க, கணக்கிட்டதற்கு மேல் தரவேண்டிய கூடுதல் அழுத்தம்) குளோரினுக்குத் தேவையானதைவிடப் பெரிது என்பதால், அட்டையில் இருக்கும் 0.13 வோல்ட் வித்தியாசம் விழுங்கப்பட்டுவிடுகிறது. திட்ட மின்னழுத்தம் ஒரு வினை நடக்க முடியுமா என்பதைச் சொல்லும், எவ்வளவு வேகத்தில் நடக்கும் என்பதைச் சொல்லாது. −1.66-இல் இருக்கும் அலுமினியம் அட்டையின்படி நீரோடு பொங்கி வினைபுரிய வேண்டியது. மேலே படிந்திருக்கும் ஆக்சைடு படலத்தால் பாத்திரமாகப் புழங்குகிறது. கையேட்டின் எந்தப் பக்கத்திலும் மிகை மின்னழுத்தம் என்ற சொல்லே இல்லை.

விடைப்பகுதியில் இறுதி எண் மட்டும் இருக்கிறது, படிகள் இல்லை. தனியாகப் படிப்பவருக்கு இது பெரிய குறை. நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின் ஒரே மாறிலிக்கு 0.059, 0.0591, 0.0592 ஆகிய மூன்றும் வெவ்வேறு பக்கங்களில் வருகின்றன. அட்டையின் உறை மட்டும் தரமானது. எழுதிவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் தடம் தெரியாமல் போகிறது, ஆனால் விளக்கு வெளிச்சத்தில் பளபளப்பதால் நடுப்பகுதியின் நெருக்கமான வரிகளைப் படிக்கச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

ஆசிரியர் ஒருவர் அருகில் இருந்தால், அட்டைக்காகவும் நான்கு, ஐந்தாம் அத்தியாயங்களுக்காகவும் இதைத் தயங்காமல் வாங்கலாம். தேர்வுக்குத் தனியாகத் தயாராகும் மாணவர் இரண்டாம், ஆறாம் அத்தியாயங்களைத் தொடாமல், முதல் அத்தியாயத்திலிருந்து நேராக மூன்றாவதுக்குப் போய்விடுவது நல்லது. என் மேசைமேல் இருக்கும் அட்டையில், நிக்கலுக்கு முன்னால் அழியாத மை பேனாவால் போட்ட கழித்தல் குறி ஒன்று இருக்கிறது. ஈரத்துணிக்குத் தப்பிக்கும் ஒரே எழுத்து அதுதான்.